தோற்றவர் கலைக்க வேண்டும்

ரம்மியில் தன்னை அடிக்க ரவாங்கிலிருந்து கோல சிலாங்கூர் வரைக்கும் ஆள் கிடையாது என்று மவுரீன் பீற்றிக்கொள்வாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடம், தினமும் சாயந்திரத் தேநீருக்குப் பிறகு புருஷனோடு ஆட்டம். டக்ளஸ் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததும் இல்லை. பெருமை தானாக வந்து மடியில் விழும்போது யார் விசாரணை வைப்பார்கள்?

தோற்றவர்தான் சீட்டைக் கலைக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அதனால் மவுரீன் கலைக்கப் பழகவே இல்லை. அவளுடைய இடது கட்டைவிரல் வேறு, தொழிற்சாலையில் நசுங்கியதிலிருந்து மடங்காது.

பிப்ரவரியில் டக்ளசுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. எஸ்டேட் லோரி ஓட்டிய மனிதர், புக்கிட் பெருந்துங்கில் தங்கள் வீட்டில் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். ஊட்டினால் வாயை இறுக்கிக்கொண்டார். சீட்டாட உட்கார்ந்துவிட்டால் மனிதர் தேறிவிடுவார் என்று மவுரீன் நம்பினாள்.

பக்கத்து வீட்டுத் தனேஸ்வரியைக் கூப்பிட்டு ஒரு தடவை கலைத்துத் தரச் சொன்னாள். தட்டில் அரிசியைக் கொட்டி, டக்ளசின் சீட்டுகளை அதில் நட்டு நிறுத்தினாள்.

"இடது கையால எடுத்துப் போடுங்க, போதும்."

ஐந்தே நிமிடத்தில் அவர் ஆட்டத்தை ஜெயித்து முடித்தார். அவள் சந்தோஷத்தில் கைதட்டிவிட்டு, தோற்றவள் என்பதால் கலைக்கப் போய், சீட்டுகளை மேசையில் பரப்பித் துழாவினாள்.

"அப்... படி இல்ல லா," என்றார். பத்து நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அவர் மறுபடி பேசவேண்டும் என்பதற்காகவே அவள் கலைக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு கையில் சீட்டுக்கட்டைப் பிடிக்க வேண்டும், மற்ற கையின் கட்டைவிரலால் மேலிருந்து நாலைந்து சீட்டாக இழுத்து இறக்க வேண்டும். மடங்காத விரல் இழுக்காது. கை மாற்றி, சீட்டுக்கட்டை அந்த விரலால் அழுத்திப் பிடித்து, வலது விரலால் இழுத்தாள். சரிந்தது, பொறுக்கினாள், மறுபடி இழுத்தாள்.

அடுத்த ஆட்டமும் அவருக்கே. அதற்கடுத்ததும். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விழுந்துபோன கையால் அவரால் கலைக்க முடியாது, அதனால்தான் இப்போது தோற்காமல் ஆடுகிறார்.

"இவ்ளோ நாளா வேணும்னேவா தோத்தீங்க?"

டக்ளஸ் அவளுடைய இடது கட்டைவிரலைப் பார்த்தார். அது வீங்கியிருந்தது.

"வலிக்கும்ல," என்றார்.

மவுரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கலைத்துப் போட்டாள்.

இரண்டாவது சுற்றிலேயே டக்ளஸ் ஜோக்கரை உருவிக் கீழே போட்டார். ஜோக்கரை யாராவது போடுவார்களா? அவள் எடுக்கவில்லை. அவர் அதை அவள் பக்கம் தள்ளிவிட்டு முறைத்தார். எடுத்ததும் அவளுக்கு ரம்மி சேர்ந்துவிட்டது. காட்டாமல் மறைத்துப் பார்த்தாள். இருபத்தாறு வருடம் அவள் முகத்தைப் படித்தவரிடம் அது எடுபடுமா?

"காட்டு."

காட்டினாள். அவர் இடது கையை நீட்டிச் சீட்டுக்கட்டை வாங்கி, நெஞ்சோடு அணைத்து, விரலால் இழுத்தார். அத்தனை சீட்டும் சரிந்து தரையெல்லாம் சிதறியது.

மவுரீன் பதறிப்போய்க் குனிந்தாள்.

"தொடாத," என்றார். "தோத்தது நான்."

நாற்காலியிலிருந்து சாய்ந்து, ஒற்றைக் கையால் ஒவ்வொரு சீட்டாகப் பொறுக்க ஆரம்பித்தார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அழுதபடி, அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.