ஆப்பு இறங்கிய தெரு

ஒரு கதவு மூட மறுத்தால் நான் முதலில் மரத்தைச் சந்தேகப்படுவேன். அடுத்து கீல். அதற்கும் அடுத்து, வீட்டைக் கட்டிய கொத்தனார். இந்தக் கதவை நானே செய்தேன், கீலை நானே மாட்டினேன். ஆகவே நேராகக் கொத்தனாரிடம் போனேன். அவர் என் அக்கா புருஷன்.

அக்கா வீட்டு வாசல் கதவு மேல் மூலையில் இடித்தது. இழைத்து விட்டேன். சில நாளில் மறுபடி இடித்தது. ரசமட்டத்தை வாசற்படியில் குறுக்கே வைத்தால் குமிழி தெருப்பக்கம் ஓடியது. வீடு பின்பக்கம் சாய்கிறது.

"மாமா, அஸ்திவாரத்துல கை வச்சுட்டீங்க. ஒத்துக்கிட்டா கௌரவம் குறைஞ்சிடாது."

"ஈர மரத்தை என் தலையில கட்டிட்டு, என் அஸ்திவாரத்தையா குறை சொல்ற, மாப்ள?"

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. நடுவில் மாட்டிக்கொண்ட அக்கா, "ரெண்டு பேருக்கும் வாய்தான் நீளம்" என்று எரிந்து விழுந்தாள்.

பிறகு எதிர் வரிசை வீடுகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். அங்கேயும் கதவு இடிக்கிறதாம். அந்த வரிசையை மாமா கட்டவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ரசமட்டத்தை வைத்தேன். அங்கேயும் குமிழி தெருப்பக்கமே ஓடியது. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி இரண்டு வரிசையும் ஒன்றை விட்டு ஒன்று விலகிச் சாய்ந்திருந்தன. வாசல் கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல், லேசாகப் பள்ளம் விழுந்திருந்த நடுத்தெருவில் தேங்கி நின்றது.

இந்தக் கோணலை நான் தினமும் பட்டறையில் பார்க்கிறேன். கட்டையில் ஆப்பை அடித்தால் இரண்டு பக்கமும் இப்படித்தான் விலகும். அப்படியானால் இங்கே ஆப்பு அடிப்பது யார்? தெருக்கோடிக்கு அப்பால், எப்போதும் போலப் புகை விட்டுக்கொண்டிருந்த எங்கள் ஊர் எரிமலையைப் பார்த்தேன்.

மலையடிவார ஆய்வு நிலையத்துக்கு ஓடினேன். கருவிகளின் முன்னால் இருந்த பெண் நான் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்டினாள்.

"உருகின பாறை உச்சிக்குப் போகல. மண்ணுக்குள்ளயே பக்கவாட்டுல, நிமிர்த்தி வச்ச பலகை மாதிரி வருது. உங்க தெருவுக்குக் கீழதான். யாரும் வீட்டுக்குள்ள இருக்க வேண்டாம்னு இப்ப அறிவிக்கப் போறோம்."

அறிவிப்பு வந்தது. தெரு காலியானது, அக்கா வீட்டைத் தவிர. மாமா கூடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல அஸ்திவாரம் மோசம்னே. இப்ப பூமியே மோசமா? நான் வெளியே போனதும் தோண்டிப் பார்த்து, ஊர் முன்னாடி என்னை நிறுத்தணும். அதானே உன் திட்டம்?"

அக்கா அவரை விட்டு வர மறுத்தாள். பூமி ஒரு முறை முறுக்கினால் வாசல் நிலைச்சட்டம் கதவைக் கவ்விக்கொள்ளும், இருவரும் உள்ளேயே மாட்டுவார்கள். கெஞ்சினால் சந்தேகம்தான் கூடும். திருப்புளியை எடுத்துக் கீலைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"டேய், என்ன பண்ற?"

"ஈர மரம்னு சொன்னீங்கள்ல? என் கதவை நான் திருப்பி எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்துட்டுப் போ! பின்கதவும் உன்னுதுதான், அதையும் கொண்டு போ!"

கொண்டு போனேன்.

பொழுது சாயும் நேரத்தில் தரை குலுங்கியது. நடுத்தெரு நீளவாக்கில் பிளந்து உள்ளே இறங்கியது. தெருக்கோடியில் சிவப்பாக ஒன்று பொங்கி, கருத்து, குவிந்தது. கதவில்லாத நிலை வழியே அக்காவை இழுத்துக்கொண்டு மாமா ஓடி வந்தார். தெருவோரமாகவே ஓடி, நான் நின்ற இடத்தை எட்டியதும் திரும்பிப் பார்த்தார். நிலையின் மேல்சட்டம் ஒரு பக்கம் இறங்கிக் கோணிக் கிடந்தது. கதவு இருந்திருந்தால் எந்தத் தோள் முட்டினாலும் அது திறந்திருக்காது.

மைதானத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். மேலே வந்தது கொஞ்சம்தான், மிச்சம் தெருவுக்கு அடியிலேயே இறுகிக் கல்சுவராக நின்றுவிடும் என்றாள் நிலையத்துப் பெண். இனி அந்தத் தெருக்கோடியில் ஒரு குன்று இருக்கும்.

அக்கா படுக்க, நான் சுமந்து வந்திருந்த வாசல் கதவை மாமா ஈரப் புல்லில் கிடத்தினார். கிடத்தியவர், விரலை மடக்கிப் பலகையைத் தட்டிச் சத்தத்தைக் கேட்டார். இன்னொரு இடத்திலும் தட்டினார்.

"காஞ்ச மரம்தான், மாப்ள."

நிலை கோணிய பிறகும் அவர் கட்டிய சுவர் விழாமல் நின்றதை நானும் பார்த்திருந்தேன். பின்கதவை எடுத்து வந்து, அவர் படுக்கப் பக்கத்தில் கிடத்தினேன்.