கார்டு மெஷின் சண்டை

கடைக்கு ஒரு கார்டு மெஷின் வாங்குங்கள் என்று அவள் ஆறு வருடம் கணவரோடு மல்லுக்கு நின்றாள். "அது நம்ம வயித்துல கை வைக்கும்" என்று அவர் கடைசிவரை மசியவில்லை. அவர் இறந்துபோன மூன்றாம் மாதம் அந்த மின்சாமான் கடையின் கல்லாவில் அவள் உட்கார்ந்தாள். முதல் வேலையாக மெஷினை வரவழைத்தாள்.

முதல் மாதக் கணக்கு வந்ததும் கொழுந்தனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பேங்க் கமிஷன் நூத்துக்கு ரெண்டுதானேன்னு நினைச்சேன் தம்பி."

"நூறு ரூபாய்க்கு விக்கிற பல்புல நமக்கு நிக்கிறதே பத்துதான் அண்ணி. அந்தப் பத்துலதான் ரெண்டு போகுது. மெஷின் வாடகை வேற தனி. அண்ணன் இதைத்தானே சொன்னாரு?"

"எங்க சொன்னாரு? கத்தினாரு. நானும் பதிலுக்கு 'கஞ்சன்'னு கத்தினேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. அந்தச் சொல்லை இனி யாரிடம் போய்த் திரும்ப வாங்குவது?

கொழுந்தன் தாளைத் திருப்பினான். "இதையும் பாருங்க. இந்த மாசம் ஏழு வாட்டர் ஹீட்டர், ஏழும் கார்டுல. போன வருஷம் முழுக்க நாலுதான் போச்சு. கமிஷன், வாடகை எல்லாம் கழிச்சும் மிச்சம்தான். மெஷின் இருக்கட்டும்."

"அப்போ நான் சொன்னதும் சரிதானே?"

"பாதி சரி. ஆனா அண்ணன் இருந்தா ஒத்துக்கவே மாட்டாரு."

"ஒத்துக்க வேணாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "எதிர்ல உக்காந்து இன்னொரு தடவை கத்தினாப் போதும்."