கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தலைமைப் பூசாரி

அருங்காட்சியகத்தில் அவருக்கு அட்டைக்காரர் என்றுதான் பெயர். கண்ணாடிப் பெட்டிகளில் எந்தப் பொருள் இருந்தாலும், அதன் காலடியில் கிடக்கும் விவர அட்டை அவர் கையால் எழுதியது. முத்து முத்தான கையெழுத்து.

அன்று காலை தேநீர் ஆறுவதற்குள், பழைய எழுத்துகளைப் படிக்கும் அம்மாள் ஓர் அட்டையோடு வந்து நின்றார்.

"அண்ணே, இது நீங்க எழுதினதுதானே? 'தலைமைப் பூசாரியின் மனைவி. கையில் கணவரின் முத்திரை மோதிரம்.' மனைவின்னு யார் சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? எலும்பு பொம்பளையோடது, மோதிரம் பூசாரியோடது. அப்ப புருஷனோட மோதிரம்தானே?"

"அந்த எலும்பு கிடைச்ச குழியில புருஷனே இல்லண்ணே. மோதிரத்து எழுத்தை நேத்துதான் படிச்சு முடிச்சேன். பூசாரியே அந்தம்மாதான். மூவாயிரம் வருஷமா பூசாரி, நீங்க அட்டை எழுதின இந்த இருபது வருஷமாத்தான் மனைவி. எல்லாம் உங்க புண்ணியம்!"

அட்டைக்காரருக்குச் சுருக்கென்றது. அம்மாள் விடவில்லை, கிடங்குக்கே இழுத்துப் போனார். ஒரே கோயிலில் தோண்டி எடுத்தவை மூன்று தட்டுகளில் இருந்தன. மிகப் பழைய அடி மண்ணில் கிடைத்த முத்திரைகளில் பெண் பூசாரிகளின் பெயர்கள். நடு மண்ணில் பெண்கள் வெறும் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய். மேல் மண்ணில் பெண் பெயரே இல்லை. ஒரு கல் மட்டும் இருந்தது.

"'பெண்கள் இந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது. இது தெய்வக் கட்டளை'ன்னு இருக்கு. முதல்ல கோயில் நிலம் ஆம்பளை கைக்குப் போச்சு, பின்னாடியே கோயிலும் போச்சு. கேட்டா பழி சாமி மேல."

அட்டைக்காரருக்குத் தன் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. தெருவின் சின்ன வழிபாட்டுக் கூடத்தில் விளக்கேற்றிப் பாட்டெடுப்பது அம்மாதான். அவள் குரல் எழும்பினால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும். அந்த மடியில் படுத்துக்கொண்டே கேட்டுக் கேட்டுப் பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். என்ன அருமையான நாட்கள்! பிறகு பெரிய கட்டடம் எழும்பியது, ஆண்கள் கமிட்டி போட்டார்கள். பெண்கள் பின்வரிசையைத் தாண்டக் கூடாது என்று பலகை வைத்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று அதை எழுதச் சொன்னது அவரைத்தான். இருபத்தைந்து வயது, பெருமை தாங்காமல் எழுதிக் கொடுத்தார். அம்மா பலகையைப் படித்துவிட்டு, "எழுத்து அழகா இருக்குடா" என்று சொல்லிப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகு சாகும்வரை அவள் வாய்விட்டுப் பாடவில்லை.

மேசைக்குத் திரும்பியதும் புது அட்டை எழுதினார்: "தலைமைப் பூசாரி. தன் முத்திரை மோதிரத்துடன்."

காப்பாட்சியர் பதறிக்கொண்டு வந்தார்.

"நாளைக்குப் புதுக் காட்சிக்கூடத்துக்குத் திறப்பு விழா! பக்திமான்கள் நாலு பேர் வருவாங்க. பொம்பளை பூசாரியான்னு சண்டைக்கு நிப்பாங்க. சும்மா கிடக்கிற சங்கை ஏன்யா ஊதிக் கெடுக்கிறீங்க? தெய்வக் கட்டளைன்னு அந்தக் காலத்துக் கல்லுலயே இருக்கே!"

"இருக்கு சார். ஆனா அதை எந்தச் சாமியும் எழுதல."

"பின்னே?"

அட்டைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையைப் பெட்டிக்குள் வைத்தார்.

"என்னை மாதிரி கையெழுத்து நல்லா இருந்த எவனோ ஒருத்தன் எழுதினான். பெண்ணைப் பின்னால உட்கார வெச்சது தெய்வம் இல்ல சார், மனுஷன். மனுஷன் எழுதினதை மனுஷன்தான் திருத்தணும்."