பொன்னையாவின் நடை

என் பெயர் பொன்னையா. தமிழில் இதைவிட மரியாதையான பெயர் கிடையாது. பொன்னும் இருக்கிறது, ஐயாவும் இருக்கிறது. ஆனால் இதே பெயர் சிங்களக் காதில் விழுந்தால், ஆம்பிளையை விரும்புகிற ஆம்பிளையை நக்கலடிக்கிற சொல். திருகோணமலைத் துறைமுகத்தில் நான் இழுவைப் படகு ஓட்டிய காலம் முழுக்க, பெயரைச் சொன்ன இடமெல்லாம் நேவிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். ஒருமுறை ஒரு கப்பலே சிரித்து ஒரு பக்கம் சரிந்தது. நம்பாவிட்டால் விடுங்கள். நானும் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைப்பேன். வீட்டில் புஸ்பராணியும் ஆறு பிள்ளைகளும் இருக்கிறவனுக்கு அந்தச் சொல் என்ன செய்யும்?

குணரத்தினத்துக்கு அப்படி இல்லை.

குணரத்தினம் துறைமுகக் கந்தோரில் டைப்பிஸ்ட். என் வளவின் பின்வீட்டில் வாடகைக்கு இருந்தான். கூட இருந்தவன் ஸெய்னுதீன், கிண்ணியாக்காரன், வள்ளங்களின் மெசின் திருத்துகிறவன். இருவருக்கும் வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இருவருக்கும் கலியாணம் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்பதெல்லாம் சண்டைதான். குழம்புக்குப் புளி கூடிப் போச்சு, ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டிட்டாய். நானும் புஸ்பராணியும் பிடிக்கிற அதே சண்டை. எனக்கு விளங்கியது. எனக்கு விளங்கினது அவர்களுக்கும் விளங்கியது. அதைப்பற்றி நாங்கள் ஒரு நாளும் கதைத்ததில்லை.

கதைத்தவர் ஸெய்னுதீனின் மூத்த காக்கா, அதாவது அண்ணன், அபூதாஹிர். கடலோடு கோபித்தால் கடலே நாலு முழம் பின்னுக்குப் போகும், அப்படிப்பட்ட மனுசன். ஒருநாள் என் வாசல் படலையில் வந்து நின்றார்.

"தம்பியைப் பத்தி ஊர் ஒரு மாதிரிக் கதைக்குது. இன்னொரு சொல் என்ர காதில விழுந்தால், அவனைக் கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கலியாணம் முடிச்சு வைப்பன். பிறகு இந்தப் பக்கம் தலை காட்ட விடமாட்டன்."

அபூதாஹிர் சொன்னால் செய்வார்.

எண்பத்திரண்டாம் ஆண்டு அது. நான் ஓய்வுபெற்றுப் பொழுது போகாமல் துறைமுக நாடகக் குழுவில் ஒட்டிக்கொண்டிருந்தேன். கொழும்பில் தொலைக்காட்சிக்கு ஒரு பகிடி நாடகம் எடுக்க எங்களைக் கூப்பிட்டார்கள். தலைமைக் கிளாக்கர் இரத்தினசிங்கம் எழுதியது. அதில் ஓர் அப்பாவிக் கிளாக்கர் வருவார்; என்னைச் சீண்டுவதற்காக அவருக்கு என் பெயரையே வைத்திருந்தார். அந்த வேசம் குணரத்தினத்துக்கு. எனக்குத் தேத்தண்ணிக் கடைக்காரன் வேசம், ஒரேயொரு வசனம்.

ஒத்திகையில் இரத்தினசிங்கம், "பொன்னையா, இஞ்ச வாரும்" என்று கூப்பிட்டதும் சிங்களக் கமெராக்காரர் இருவரும் சிரித்துவிட்டார்கள். விளக்குக் கட்டிக்கொண்டு நின்றவன் ஏணியை விட்டு இறங்கி வந்து சிரித்தான். தயாரிப்பாளர் தமிழர். என்ன சிரிப்பு என்று விசாரித்தார், விளங்கியது, முகம் தேங்காய்ப்பூப் போல மலர்ந்தது.

"அப்ப இந்தக் கிளாக்கர் அப்பிடியான ஆள். நல்லாப் போச்சு. இடுப்பை ஆட்டி நடவுங்கோ, கையை இப்பிடி மடக்குங்கோ. வசனமே தேவையில்லை."

"சேர், கதையில அப்பிடி இல்லையே" என்றான் குணரத்தினம்.

"பகிடி நாடகம் எண்டால் ஒரு குடிகாரன், ஒரு மாமி, ஒரு அப்பிடியான ஆள். இது மூண்டும் இருந்தால் கதை எதுக்கு?"

நான் குணரத்தினத்தைப் பார்த்தேன். பூசின பவுடர் மட்டும்தான் நின்றது. அதற்குக் கீழே இருந்த முகம் எங்கேயோ போய்விட்டது.

தேத்தண்ணிக்கு விட்ட நேரம் என்னை வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணை, நான் இவர் சொல்லுற மாதிரி நடந்தால் அபூதாஹிர் காக்கா பார்ப்பார். தம்பி ஆரோட இருக்கிறான் எண்டு நானே டிவிப் பெட்டிக்குள்ள போய் நிண்டு காட்டின மாதிரி."

"அப்ப மாட்டன் எண்டு சொல்லு."

"சொன்னால் ஏன் எண்டு கேப்பினம். மற்றவன் எண்டால் சிரிச்சுக்கொண்டு நடந்திட்டுப் போவான். நான் மட்டும் மாட்டன் எண்டால், அதைவிட வேற பதில் வேணுமே?"

நடந்தாலும் போச்சு, நடக்காவிட்டாலும் போச்சு.

உள்ளே போனோம். "எங்க, நடவுங்கோ பார்ப்பம்" என்றார் தயாரிப்பாளர். குணரத்தினம் பிரேதம் காவுகிறவன் மாதிரி நேராக நடந்தான். இல்லை என்றார். திரும்ப நடந்தான். அதுவும் இல்லை. இரத்தினசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன குணரத்தினம், மேடையில பொம்பிளை வேசமே கட்டின ஆள் நீர். இது பெரிய காரியமோ? அல்லது வேற ஏதும் பிரச்சினையோ?"

அந்த 'வேற'யை அவர் இழுத்த இழுப்பு கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் போயிருக்கும். எங்கள் குழு முழுவதும் குணரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தது. அவன் உதடு ஏதோ சொல்லத் திறந்தது.

நான் எழும்பினேன். "சேர், பொன்னையா எப்பிடி நடப்பான் எண்டு பொன்னையாவையெல்லோ கேக்கவேணும்?"

நடந்து காட்டினேன். சத்தியமாக என் சொந்த நடை. ஆடுகிற தட்டில் ஆயுள் முழுக்க நின்றவனின் கால்கள். இரண்டுக்கும் நடுவால் ஓர் ஆடு குட்டிகளோடு போகலாம். இடுப்பு ஒரு பக்கம் போகும், நான் மறுபக்கம் போவேன். வலது கை எப்போதும் வடக்கயிறு பிடித்த மாதிரி மடங்கி நிற்கும். கொஞ்சம், மிகக் கொஞ்சம், மேலதிகமாகவும் ஆட்டினேன். கமெராக்காரர் சிரித்துச் சிரித்து நிலத்தில் குந்திவிட்டார்கள்.

"இதுதான்" என்று தயாரிப்பாளர் கைதட்டினார். "இதுதான் அசல்."

குணரத்தினம் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு போய் நின்று, அதே நடையை நடந்தான். மகா நடிகன். என் முழங்கால் கடக்கென்று கேட்பதைக்கூட நடந்தான்.

ஒளிபரப்பான அன்று பின்னேரம் திருகோணமலையில் பாதி எங்கள் வீட்டுக்குள் இருந்தது. மகன் டோகாவிலிருந்து கொண்டுவந்த பெட்டிதான் எங்கள் ஒழுங்கையில் ஒரே பெட்டி. குணரத்தினமும் ஸெய்னுதீனும் வராமல் விட ஏலாது. அதுவும் ஒரு கதையாகும். தனித்தனியாக வந்து தள்ளித் தள்ளி இருந்தார்கள். அப்போதுதான் படலை திறந்து அபூதாஹிர் வந்தார். முன் கதிரையைப் பிடித்து, தம்பியைக் கையில் இழுத்துப் பக்கத்தில் இருத்தினார்.

"இரு. உன்ர கூட்டாளியின்ர கூத்தைப் பார்ப்பம்."

பெட்டிக்குள் கிளாக்கர் பொன்னையா நடந்து வந்தார். அபூதாஹிர் முன்னுக்குக் குனிந்தார். கண்ணை இடுக்கினார். குணரத்தினத்தின் பக்கம் திரும்பத் தொடங்கினார். குசினி வாசலில் நின்ற புஸ்பராணி வாயைத் திறந்தாள்.

"ஐயோ, இது இந்த மனுசன்ர நடையெல்லோ."

சிரிப்பில் கூரை போனது. அபூதாஹிர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் பெட்டியைப் பார்த்தார். சாரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"பொன்னையா அண்ணன், இனிக் கிண்ணியாப் பக்கம் வந்திடாதீங்க. எங்கட ஆம்பிளையள் பயந்து ஓடிருவாங்க."

நான் எழும்பி வணக்கம் வைத்து, வீட்டைச் சுற்றி ஒரு நடையும் நடந்து காட்டினேன். சந்தோசம் என்றால் அதுதான் சந்தோசம்.

அப்போது எல்லாச் சிரிப்புக்கும் மேலால் ஒரு சிரிப்புக் கேட்டது. ஸெய்னுதீன். காக்காவின் தொடையில் அடித்து அடித்து, "பாருங்க காக்கா, பொன்னையா ஆட்டுறதைப் பாருங்க" என்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்தான். சுவரோரம் இருந்த குணரத்தினம் ஒரே ஒருமுறை அவனைப் பார்த்தான். பிறகு நாடகம் முடியும்வரை நிலத்தைத்தான் பார்த்தான்.

"உன்ர கூட்டாளி கெட்டிக்காரன்" என்று தம்பியின் முதுகில் தட்டிவிட்டு அபூதாஹிர் ஊருக்குப் போனார். கலியாணக் கதையும் அவரோடு போனது.

ஆனால் அதற்குப் பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் சண்டை கேட்கவில்லை. புளி இல்லை, துவாய் இல்லை. எனக்கு நித்திரையே வரவில்லை.

அடுத்த கிழமை இரத்தினசிங்கம் என் வீட்டுக்கு வந்து, குணரத்தினத்தையும் கூப்பிட்டார். கொழும்பில் கிளாக்கர் பொன்னையாவை மாதா மாதம் போடக் கேட்கிறார்களாம்.

"மாட்டன் சேர்" என்றான் குணரத்தினம்.

"ஏன்?"

நான் காதால் கேட்க விரும்பாத கேள்வி. வேலிக்கு அங்கால் மெசின் தட்டிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. நான் பாய்ந்தேன்.

"காலில வாதம் சேர். காலைப் பார்த்த பரியாரி நடக்கவே கூடாது எண்டவர். நடந்தால் முழங்கால் கழண்டு கையில வந்திடுமாம்."

"காலில ஒண்டுமில்லை, அண்ணை" என்றான் குணரத்தினம். பிறகு இரத்தினசிங்கத்தின் பக்கம் திரும்பினான். "எனக்கு விருப்பமில்லை சேர்."

"விருப்பமில்லை எண்டால் அதுக்கு ஒரு காரணம் இருக்கவேணுமே?"

"இருக்கு."

அவ்வளவுதான் சொன்னான். குரல் உயரவும் இல்லை, நடுங்கவும் இல்லை. எழும்பி, வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் குனிந்து தன் வீட்டுக்குப் போனான். அங்கே ஸெய்னுதீன் எண்ணெய்க் கையோடு நின்றிருந்தான். இருவரும் குசினிக்குள் போவது தெரிந்தது.

இரத்தினசிங்கம் என்னைப் பார்த்தார். எத்தனையோ கடல் கண்ட என் வாயில் அந்த நேரம் ஒரு பொய்யும் வரவில்லை.

"தேத்தண்ணி குடிப்பியளோ, சேர்?" என்று கேட்டேன்.