இரண்டில் குறைந்தது ஒன்று

பல்கலைக்கழகத்தில் என் தேற்றத்துக்குக் கேக் வெட்டினார்கள். எனக்கோ எரிச்சல். வட்டக் கணக்கில் வரும் பை போல, முழு எண்களை வைத்து எழுதும் எந்த இயற்கணிதச் சமன்பாட்டுக்கும் விடையாகச் சிக்காதவற்றை விஞ்சிய எண்கள் என்போம். நான் இரண்டு எண்களை எடுத்து, அவற்றில் குறைந்தது ஒன்றாவது விஞ்சிய எண் என்று நிறுவியிருந்தேன். எது என்று கேட்டால் தெரியாது. வருடக்கணக்காக மண்டையை உடைத்தும் அவ்வளவுதான். இதற்கு ஒரு கேக்!

அது 2009 ஆடி மாதம். வைகாசியில் போர் முடிந்ததிலிருந்து என் இரட்டைத் தம்பிமார் துஷாந்த், சயூரன் பற்றி ஒரு தகவலும் இல்லை. பிறகு கூப்பிடலாம் என்று ஊரில் சித்தப்பாவிடம் விட்டுவந்த பிள்ளைகள். அம்மா, நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த ரொம்சோஸ் வீட்டில் தொலைபேசியடியிலேயே கிடந்தார்.

கடைசியில் ஊர்க்காரர் பிலேந்திரன் அகதி முகாமிலிருந்து வெளியே வந்து தொலைபேசி எடுத்தார்.

"உங்கடை பெடியன் ஒருத்தனைத் தண்ணி வரிசையிலை கண்டனான் அக்கா. சனத்துக்குள்ளை மறைஞ்சிட்டான். எவன் எண்டுதான் தெரியேல்லை."

அட கடவுளே! ஓடிப்போய்ப் பிடித்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா அந்த மனுசன்? ஆனாலும் அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? சின்ன வயதில் இருவரும் வாசலில் நின்று, "நான் ஆர் சொல்லு பாப்பம்" என்பார்கள். நான் பிழையாகத்தான் சொல்லுவேன். அம்மா மட்டும் பிழைவிட்டதே இல்லை. அந்த இரண்டு முகங்களையும் ஒருமுறை பார்த்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

அடுத்த நாள் அம்மருட் கோயிலில் அர்ச்சனை. ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். அம்மா இரண்டு பெயரும் சொல்லி, "ரேவதி" என்றார். திரும்பும்போது ரயிலில் என் பக்கம் சாய்ந்தார்.

"உன்ரை கணக்கிலை, ஒண்டு எண்டால் மற்றது இல்லையெண்டோ?"

"இல்லை அம்மா. குறைஞ்சது ஒண்டு. ரெண்டும் இருக்கலாம்."

"வடிவாச் சொல்லு."

"ரெண்டும் இருக்கலாம்."

அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். என் வேலையை அப்படி யாரும் மதித்ததில்லை.

ஞாயிறு மத்தியானம் சோறு போடும்போது தொலைபேசி அடித்தது. அம்மா பாய்ந்து எடுத்தார். நானும் காதை ஒட்டினேன்.

"அம்மா..." என்றது ஒரு குரல். எனக்கு எவனென்று பிடிபடவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, நான்..."

"பேர் சொல்லாதை மோனை," என்றார் அம்மா அவசரமாக. "ரெண்டு பேரும் சாப்பிட்டியளோ?"

ஒரு பேர் வராதவரை இரண்டும் இருக்கலாம். அம்மா பதிலுக்கு அவசரப்படுத்தவில்லை.