இரண்டு சகலைகளும் ஒரு தார்க்கலவையும்

அந்தச் சாலை ஆய்வுக்கூடத்தில் ஒரு அறை கொதிக்கும், ஒரு அறை உறையும். சூட்டறையில் தார்க்கலவைப் பாளத்தின்மேல் ஒரு சக்கரம் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். பாளம் குழிந்தால், வெயிலில் சாலையும் குழியும். குளிரறையில் அதே கலவையை விறைக்க வைத்து வளைப்பார்கள். படக்கென்று முறிந்தால், சாலையும் விரிசல் விடும். குழியாமல் இருக்கக் கலவை கெட்டியாக வேண்டும். முறியாமல் இருக்க இளக்கமாக வேண்டும். கடவுள் இதை வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார்.

அது போதாதென்று, இரண்டு அறைகளின் பொறியாளர்களும் சகலைகள். அக்காளைக் கட்டியவர் சூட்டறை, தங்கையைக் கட்டியவர் குளிரறை. ஒரே வீட்டில் கீழும் மாடியும்.

"உங்க சக்கரத்துக்குப் பயந்து கலவையைக் கல்லாக்கி வெச்சிருக்கீங்க சகலை. என் ரூமுக்கு வந்தா பிஸ்கட் மாதிரி நொறுங்குது."

"உங்க ரூம்ல பிழைக்கிறது என் ரூம்ல சேறா ஓடுதே! இளகின மனசுய்யா உமக்கு."

இவர்களுக்கு மேலே தலைவர். முனைவர் பட்டம் பெற்றவர். பெற்ற நாளிலிருந்து தாரைத் தொடாதவர். சாலைத்துறை கேட்டிருந்த பேருந்து நிலையத் தளக் கலவைக்கு அவர் வைத்த பெயர் 'சமநிலைக் கோட்பாடு'. கோட்பாடு இதுவரை போட்ட கலவையெல்லாம் ஏதாவது ஓர் அறையில் மண்ணைக் கவ்வியது. இன்னொரு முறை தோற்றால் கூடத்தையே மூடிவிடுவதாகச் சாலைத்துறையிலிருந்து சொல்லிவிட்டார்கள். சகலைகள் இருவரும் கிடங்கில் தார் பீப்பாய் எண்ண வேண்டியதுதான்.

கடைசிக் கலவை போட்ட அன்று, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மூத்த சகலை கலவை டிரம் பக்கம் ஒதுங்கினார். என் அறையில் தோற்றால் அவன் வாயை அடைக்க முடியாது என்று ஒரு கரண்டிக் கல்தூளைக் கூடுதலாகப் போட்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் இளையவர் இந்தப் பக்கம் வந்தார். அதே கவலை, ஒரு கரண்டிச் சூடான தார்.

கலவை இரண்டு அறைகளிலும் ஜெயித்தது. தலைவர் மாலை போட்டுக்கொள்ளாத குறை. "நாளைக்கு உங்க கண் முன்னாடியே மறுபடி கலந்து காட்டறோம்" என்று துறை மேலதிகாரி அம்மாளை அழைத்துவிட்டார்.

தன் கரண்டிதான் கூடத்தைக் காப்பாற்றியது என்பது சகலைகள் இருவருக்கும் தனித்தனியே தெரியும். நாளைக்கும் அதைப் போட்டாக வேண்டும்.

மறுநாள் தலைவர் முழங்கினார்: "எழுதி வெச்ச அளவுக்கு மேல ஒரு தூசி சேராது, மேடம்!" அவர் முதுகுக்குப் பின்னால், டிபன் பாக்ஸுடன் மூத்தவரும் ஃபிளாஸ்க்குடன் இளையவரும் டிரம்முக்கு நழுவி, நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டார்கள். மூடி தெறித்துக் கல்தூள் பறந்தது. தலைவரின் கோட்டு நரைத்தது.

"டப்பால என்ன சகலை?"

"ஃபிளாஸ்க்ல என்ன? அதைச் சொல்லுங்க முதல்ல!"

"நானும் அதைத்தான் கேட்கணும்" என்றார் அதிகாரி அம்மாள்.

இனி மறைத்தால் கிடங்கு நிச்சயம். மூத்தவர் தலையைச் சொறிந்தார். "அன்னிக்கு ஒரு கரண்டி தூள் நான்தாங்க போட்டேன்."

"நீங்களுமா?" இளையவர் முகம் விழுந்துவிட்டது. "அப்போ ஜெயிச்சது என் தாரால இல்லையா?"

அம்மாள் சிரிக்கவில்லை. அவர் முன்னாலேயே இரண்டு கலவைகள் போட்டார்கள்: எழுதிய அளவில் ஒன்று, இரண்டு கரண்டியும் சேர்த்து ஒன்று. எழுதியது குளிரறையில் முறிந்தது. மற்றது சக்கரத்துக்கும் அசரவில்லை, வளைவுக்கும் அசரவில்லை. கூடுதல் தாரைக் கூடுதல் தூள் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தூளை விறைக்க விடாமல் தார் பார்த்துக்கொண்டது. வீட்டில் ஒருநாளும் நடக்காத காரியம்.

"இதைத்தான் மேடம் நான் கோட்பாட்டு அளவுல..." என்று தொடங்கினார் தலைவர்.

"கோட்பாட்டை எந்த டப்பாவுல கொண்டு வந்தீங்க?"

தலைவர் கோட்டைத் தட்டிக்கொண்டார்.

பேருந்து நிலைய வேலை கூடத்துக்கே கிடைத்தது. ஒரே நிபந்தனை: இனி கலவை போடும்போது சகலைகள் இருவரும் ஒருவர் எதிரே ஒருவர் நிற்க வேண்டும், எல்லாம் தராசில்தான். இப்போதும் நிற்கிறார்கள். தூள் முதலிலா தார் முதலிலா என்பதில் மட்டும் இன்னும் முடிவு வரவில்லை. டிரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது.