பதினாறு அங்குலம்

என் அக்கா லவோனின் கணவர் ஆர்வில் ஷ்ரேடர் முப்பத்தைந்து வருடம் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், எங்கள் மாவட்டத்தில் நில அளவையாளராக இருந்தவர். ஓய்வுபெற்ற மறு வருடமே முழங்கால் அறுவை சிகிச்சை. நாற்காலியில் உட்கார்ந்தபடி அக்காவின் சமையலை அளக்க ஆரம்பித்தார். உப்பு கூட, மாவு கெட்டி, வறுவல் இரண்டு நிமிடம் அதிகம். பத்தாவது நாள் அக்கா ஒரு பெட்டி நீலத் துணித் துண்டுகளையும் தையல் மெஷினையும் அவர் முன்னால் வைத்தாள்.

"அளக்கணும்னா இத அளங்க. என் அடுப்ப விடுங்க."

கோபத்தில்தான் ஆரம்பித்தார். ஆனால் பிப்ரவரி முடிவதற்குள், துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுப்போர்வையின் மேல்பாகம் தயார். சதுரத்துக்குச் சதுரம் மூலை பிசகவில்லை. அடியில் பஞ்சும் துணியும் வைத்துத் தைத்தும் முடித்தார். ஓரம் மட்டும் பிசிறாக இருந்தது. அதைச் சுற்றி மூட ஓரப்பட்டி வேண்டும்.

மூவரும் துணிக்கடைக்குப் போனோம். மேசையில் போர்வையை விரித்தோம். அக்கா கருநீலத்தை ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். நான் சாம்பல் நிறத்தை எடுத்தேன். அத்தான் ஒரு மஞ்சள் துணியோடு வந்தார். அதுவும் சாதா மஞ்சள் இல்லை.

"ஐயோ அத்தான், இது பள்ளிக்கூட பஸ் மஞ்சளாச்சே!" என்றேன்.

"அதனால என்ன? எல்லை தெரியணும்ல. எல்லைன்னா கண்ணுல அடிக்கணும்."

"படுக்கைக்கு எதுக்குங்க எல்லை?" என்றாள் அக்கா. "பக்கத்து வீட்டுக்காரன் வந்து ஆக்கிரமிக்கப் போறானா?"

கடைக்காரம்மா ஹெட்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எவ்வளவு வெட்டட்டும்?" என்றாள்.

"அரை கஜம். ரெண்டரை அங்குல அகலத்துல ஏழு பட்டி வரும். ஒவ்வொண்ணும் நாப்பத்திரெண்டு அங்குல நீளம், மொத்தம் இருநூத்தித் தொண்ணூத்தி நாலு. போர்வையச் சுத்தி இருநூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. ரெண்டு அங்குலம் மிச்சம் வேற."

"கொஞ்சம் கூடவே எடுத்துக்கங்களேன். உருளையில இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு."

"அம்மணி, நான் இந்த மாவட்டத்தையே அளந்தவன்."

ஹெட்டா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா நூல்கண்டுகளை வெகு கவனமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஹெட்டா அரை கஜத்தை வெட்டினாள்.

பட்டிகளைச் சாய்வாக இணைக்க வேண்டும். அப்போதுதான் இணைப்பு தடித்து நிற்காது. முதல் இணைப்பைத் தைத்து விரித்துப் பார்த்தால் பட்டி நேராக ஓடாமல் முழங்கை மாதிரி மடங்கி நின்றது. பிரித்தார், தைத்தார், மறுபடி முழங்கை. மூன்றாவது தடவை சரியாக வந்ததும் வீடே அதிரக் கூப்பிட்டு எங்களுக்குக் காட்டினார். அதன்பின் சர்ரென்று போனது வேலை. மூலைகளை மடித்த விதம் எனக்கே பொறாமையாக இருந்தது.

நான்காவது பக்கத்தில் பட்டி தீர்ந்துவிட்டது. பதினாறு அங்குலத்துக்குப் போர்வையின் ஓரம் வெறுமனே நின்றது. ஒவ்வொரு இணைப்பும் இரண்டரை அங்குலம் தின்றுவிடும், மூலை மடிப்புகளும் கொஞ்சம் தின்னும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை.

ஹெட்டாவுக்குப் போன் போட்டார். மிச்சத் துணியை யாரோ வாங்கிப் போய்விட்டார்களாம். அன்று சாப்பாட்டு மேசையில் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்காவுக்கே பயம் வந்துவிட்டது.

மறுநாள் காலை நான் போனபோது அத்தான் கத்திரிக்கோலோடு போர்வையின் ஒரு பக்கத்தில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் அக்கா.

"இந்தப் பக்கம் எட்டு அங்குலம் எடுத்துட்டா சுத்தளவு சரியாயிடும்."

"வேலி பத்தலன்னு நிலத்த வெட்டுவீங்களா? இப்படித்தான் முப்பத்தஞ்சு வருஷம் அளந்தீங்களா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அத்தான் முகம் சுருங்கிப் போனது. கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

"துணி பத்தாதுன்னு எல்லாருக்கும் தெரியும்ல? கடையிலயே தெரியும். ஒருத்தியாவது சொன்னீங்களா?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

சாக்பீஸையும் கீழே வைத்தார். "கேட்டிருக்க மாட்டேன்," என்றார். அந்த வீட்டில் அப்படியொரு வாக்கியத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

அக்கா முதுகுப் பக்கம் கையை விட்டு, கட்டியிருந்த சிவப்புக் கட்டம் போட்ட ஏப்ரனை அவிழ்த்தாள். அதன் நீள நாடாவை நறுக்கென்று வெட்டி, தையலைப் பிரித்து, இஸ்திரி போட்டு அவர் மடியில் போட்டாள்.

"சிவப்பா இருக்கே, லவோன்."

"கண்ணுல அடிக்கணும்னீங்களே. அடிக்கட்டும்."

அவர் நாடாவை இரண்டு தடவை அளந்தார். பிறகு என்னிடம் கொடுத்து, "நீயும் ஒரு தடவ அளந்துடு," என்றார்.

ஆகஸ்டில், அவரிடம் சொல்லாமலே, அக்கா அந்தப் போர்வையை மாவட்டக் கண்காட்சியில் வைத்தாள். மூன்றாம் பரிசு வெள்ளை ரிப்பன் கிடைத்தது. நடுவரின் அட்டையில் 'ஓரப்பட்டியில் எதிர்பாராத சிவப்பு, துணிச்சலான தேர்வு' என்று எழுதியிருந்தது. அத்தான் அதை நான்கு தடவை சத்தமாகப் படித்தார்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் கேட்டாள்: "எப்படிங்க இந்த யோசனை வந்துச்சு?"

அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார், வாயைத் திறந்தார், அக்காவைப் பார்த்தார்.

"கணக்கு தப்பாப் போச்சும்மா," என்றார். "அப்புறம் இவ காப்பாத்துனா."

அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. பள்ளிக்கூடப் பெண் மாதிரி முகம் சிவந்து, எலுமிச்சை சர்பத் வாங்கப் போகிறேன் என்று கூட்டத்துக்குள் ஓடிவிட்டாள்.